அந்தத் திருட்டுப் பாட்டி – கடிதம்

வணக்கம் சார்,

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ‘மைக்கேல் மதன காமராஜன்’ போட்டார்கள். எத்தனையாவது முறை என்று தெரியாது, உட்கார்ந்து பார்த்தோம். கல்யாண வீட்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுருட்டும் அந்தப் பாட்டி வந்ததும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, இந்தப் பாட்டி பேர் என்ன?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் தேடிப் பார்த்துத்தான் எஸ்.என்.லட்சுமி என்று தெரிந்துகொண்டேன். 2012லேயே காலமாகிவிட்டாராம்.

படிக்கப் படிக்கப் பாவமாக இருந்தது. சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர். இளமையிலேயே நரை முடி வைத்து அம்மா வேஷம் கட்டியிருக்கிறார். கடைசிவரை கதாநாயகி ஆகவே இல்லை. இவ்வளவு திறமையை நம் சினிமா வீணடித்துவிட்டது என்று தோன்றுகிறது. நீங்கள் நடிகர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். இவரைப் போன்றவர்களைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை?

ச.

அன்புள்ள ச.,

பாவப்படுவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லட்சுமியைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பொறாமைப்படலாம் என்றால் ஒத்துக்கொள்வேன்.

விருதுநகர் பக்கம் சென்னெல்குடி அவருடைய ஊர். சிறுமியாக வீட்டை விட்டு வந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடக சபையில் பயிற்சி, பிறகு எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் நாடகக் குழு. இந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் சிறையில் இருந்தபோது அவருடைய சபையைக் கட்டிக் காத்தவர்களில் சகஸ்ரநாமம் முக்கியமானவர். பின்னாளில் அவரே சேவா ஸ்டேஜைத் தொடங்கி, தி.ஜானகிராமன், பி.எஸ்.ராமையா போன்றவர்களை நாடகம் எழுத வைத்தார். ஒரு பக்கம் கலைவாணரின் நகைச்சுவை, இன்னொரு பக்கம் சேவா ஸ்டேஜின் அடக்கமான, இயல்பான வசனம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அந்தக் காலத்திலும் அரிதுதான்.

இன்னொரு விஷயம் உங்கள் கண்ணில் பட்டதா தெரியவில்லை. ஜெமினி ஸ்டூடியோவின் ‘சந்திரலேகா’வில் (1948) அந்த முரசு நடனம் வரும் இல்லையா, பிரம்மாண்டமான முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுவார்களே, கடைசியில் முரசுக்குள்ளிருந்து போர்வீரர்கள் குதிப்பார்களே, அந்தக் கூட்டத்தில் லட்சுமியும் ஒருவர். எந்த முரசின் மேல் நிற்கிறார் என்று கேட்காதீர்கள், யாராலும் காட்ட முடியாது. எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருடன்’ (1960) படத்தில் லட்சுமி டூப் வைக்காமல் சிறுத்தையோடு மோதினார் என்பதை அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆக, நீங்கள் பார்த்துச் சிரித்த பாட்டி முரசின் மேல் ஆடியவர், சிறுத்தையோடு உருண்டவர். இதை நான் வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. அவருடைய நடிப்பின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

கிழவி வேஷம் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முதுகை வளைப்பார்கள், குரலை நடுக்குவார்கள், கையில் ஒரு தடியைக் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஔவையார் வருகிற மாதிரி இருக்கும். லட்சுமி நடுங்குவதில்லை, கவனித்துப் பாருங்கள். கால்களை அழுத்தி ஊன்றி நிற்பார். வசனம் கணீரென்று வந்து விழும். வயது தெரிவது வேகத்தில்தான். திரும்ப வேண்டுமென்றால் கழுத்து மட்டும் திரும்பாது, மொத்த உடம்பும் சேர்ந்து திரும்பும். உட்காரப் போகிறவர் முதலில் இடத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். நிஜமான பாட்டிகள் அப்படித்தான் செய்கிறார்கள். தன் உடம்பு எதைச் செய்யும் என்று தெரிந்த ஆளால்தான் அது எதைச் செய்யாது என்று நடிக்க முடியும். முரசின் மேல் கால் வைத்து ஆடியவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

அந்தத் திருட்டுப் பாட்டியையே எடுத்துக்கொள்வோம். பாட்டி அகப்பட்டுக்கொண்டால் கூனிக் குறுகுவது பேத்தி ஊர்வசிதான். பாட்டி முகத்தில் குற்ற உணர்வு மருந்துக்குக்கூடக் கிடையாது. கண்ணைச் சிமிட்டி, ஓரப்பார்வை பார்த்து, ‘நான் திருடப் போகிறேன், சிரியுங்கள்’ என்று அவர் நமக்குச் சைகை காட்டுவதே இல்லை. ஏதோ தன் வீட்டுச் சாமானை எடுத்து வைப்பதைப் போல எடுத்து வைக்கிறார். நான்கு கமல்ஹாசன்களும் கிரேசி மோகன் வசனமும் ஓடுகிற ஓட்டத்தில் இப்படி நிதானமாக ஒருவர் இருந்தால்தான் சிரிப்பு நிலைக்கும்.

அதே கமல் படங்களில் ‘விருமாண்டி’ (2004) வரை வந்து பாருங்கள். அங்கே அவர் விருமாண்டியின் அப்பத்தா. பேச்சு தென்மாவட்டத்துப் பேச்சு, காது வளர்த்த கிழவிகளின் அதிகாரம். சென்னெல்குடிக்காரருக்கு அது பிறந்த வீட்டுப் பேச்சு, பெரிய கஷ்டமில்லை. ஆனால் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) அவர் பேசியது அக்ரஹாரத்துத் தமிழ். ஒரு இடத்தில்கூட ஒட்டாமல் நிற்காது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, இரண்டு பாட்டியும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ‘மகாநதி’ (1994) இருக்கிறது. அதில் கமலுக்கு மாமியார். மருமகன் சிறைக்குப் போனபின் பேரன் பேத்தியை வைத்துக்கொண்டு தவிக்கிற அந்த முகத்தைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனசில்லை. அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது உங்கள் முக்கியமான புகாருக்கு வருகிறேன். இளமையிலேயே அம்மா வேஷம். உண்மைதான். ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் நாகேஷுக்கு அம்மா அவர்தான். இரண்டு பேருக்கும் பெரிய வயது வித்தியாசமெல்லாம் கிடையாது. ஆனால் இதில் நஷ்டப்பட்டது யார் என்று பாருங்கள். பண்டரிபாய் 1952ல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடி. 1968ல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. மகனாக நடித்த எம்.ஜி.ஆர். அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர்! கதாநாயகியாக இருந்தவர்களுக்கு அம்மா வேஷம் ஒரு படி இறக்கம். நேற்றுவரை டூயட் பாடியவர் இன்று நரை முடி வைத்துக்கொண்டு கண்ணாடி பார்ப்பது லேசான காரியமில்லை. பண்டரிபாய் அதைக் கௌரவமாகச் செய்தார், எல்லோராலும் முடியவில்லை. லட்சுமிக்கு அந்த இறக்கமே இல்லை. பெயர் வாங்கிய வேஷமே அம்மா வேஷம் என்பதால் அவரிடமிருந்து பறித்துக்கொள்ள யாருக்கும் எதுவும் இல்லை. அவரோடு அந்தக் காலத்தில் நடித்த கதாநாயகிகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போன பிறகும் அவர் கால்ஷீட் எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்காக எல்லாம் சௌகரியமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. குணச்சித்திர நடிகைகளின் வருமானம் நாள் கணக்குதான். படம் வெள்ளிவிழா கண்டாலும் பெட்டிக்குள் முடங்கினாலும் அவர்களுக்கு ஒரே சம்பளம். ஒரே காட்சிக்காகக் காலையில் வரச்சொல்லி, ஹீரோ வருகிறவரை உட்கார வைத்து, விளக்கு போட்ட பிறகு எடுப்பார்கள். போஸ்டரில் முகம் இருக்காது. ஆயிரத்துக்கு மேல் படங்கள் நடித்தார் என்று ஒரு கணக்கு அவர் பெயரில் சுற்றுகிறது. நான் அதை எடுத்துக்கொள்வதில்லை. பாட்டுப் புத்தகத்தில்கூடப் பெயர் போடாத வேஷங்களை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?

‘ஏன் யாரும் எழுதுவதில்லை’ என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. எழுதுவதற்குத் தகவல் வேண்டும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஒரு மனிதர் தன் கைக்காசைப் போட்டு ஸ்டில்களையும் விளம்பரங்களையும் சேர்த்து வைக்காவிட்டால் கதாநாயகர்களின் பட்டியலே ஒழுங்காக நமக்குக் கிடைத்திருக்காது. மீதிப் பாதி எங்களைப் போன்றவர்களின் சோம்பல். நடிகை காந்திமதி 2011 செப்டம்பரில் காலமானார். மானாமதுரைக்காரர், ‘16 வயதினிலே’ குருவம்மா. அந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். மயிலின் அம்மாவுக்கு எத்தனை வரி ஒதுக்கினோம் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கும். அவர் போய் ஐந்தாறு மாதத்தில் லட்சுமியும் போய்விட்டார்.

2012 பிப்ரவரி 20 அன்று இறந்தபோது அவர் ‘சரவணன் மீனாட்சி’ தொடரில் பாட்டியாக வந்துகொண்டிருந்தார். சீரியலைக் கிண்டலடிப்பது எனக்கும் பிடித்த பொழுதுபோக்குதான். ஒருவர் அதிர்ச்சி அடைந்தால் அதை மூன்று தடவை ஜூம் பண்ணிக் காட்டுவதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் வயதான நடிகைகளுக்கு சீரியல் கொடுத்ததை சினிமா கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பக் கதை என்றால் கூடத்தில் ஒரு பாட்டி வேண்டும். பாட்டிக்கு தினம் வசனம் வேண்டும். சினிமாவில் ஒரு பாட்டிக்கு ஒரு படத்தில் கிடைக்கிற வசனத்தை சீரியல் ஒரே வாரத்தில் கொடுத்துவிடும். மாதாமாதம் வேலையும் நிச்சயம். நாடக மேடையில் மனப்பாடம் பண்ணிப் பேசிப் பழகியவர்களுக்கு, பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுக்க ஆளும் தேவையில்லை. சீரியலில் ஃபிலிம் செலவு இல்லாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு நேரமாவது மிச்சம்.

மகளுக்குப் பெயர் சொல்லியாகிவிட்டது அல்லவா, அடுத்து ‘சர்வர் சுந்தர’த்தைக் காட்டுங்கள். நாகேஷ் சிரிக்க வைப்பார், அதனால் கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிக்க மாட்டாள். பிறகு ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டலாம். ‘விருமாண்டி’ வேண்டாம், ரத்தம் அதிகம். அவள் கல்லூரிக்குப் போகிற வயதில் தானே தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.