நேற்று எழுதினானே, இன்று ஏன் எழுதவில்லை?

கற்றல் குறைபாடு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை என்பதைப் பற்றி இல்லை. அந்தக் குழந்தையை அப்பா என்ன சொல்கிறார், பாட்டி என்ன சொல்கிறார், அத்தை என்ன சொல்கிறார் என்பதுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதனால் இந்த முறை அதற்கே இடம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ராத்திரி டிக்டேஷன் சொன்னால் பத்துக்கு எட்டு சரியாக எழுதுகிறான். காலையில் பள்ளியில் அதே சொற்களில் இரண்டு கூட வருவதில்லை. ஐபிஎல்லில் யார் எத்தனை ரன் எடுத்தார் என்று கேட்டால் மட்டும் கடகடவென்று சொல்வான். 'அதெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் மறந்துடுமா? திமிரு' என்று அவன் அப்பா ஸ்கேலை எடுத்துவிடுகிறார். எனக்கே சில சமயம் நடிக்கிறானோ என்று தோன்றுகிறது மேடம். (ஈரோடு)

உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. எப்போதுமே வராத ஒன்றை யாரும் திமிர் என்று சொல்வதில்லை, டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவோம். ஒரு நாள் வந்து மறுநாள் வராமல் போகிறது பாருங்கள், அதுதான் வீட்டில் இருப்பவர்களைக் கோபப்பட வைக்கிறது. 'நேத்து எழுதினியே, இன்னைக்கு என்ன வந்துச்சு?' என்று கேட்காத வீடு, இந்தப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், நான் பார்த்தவரை இல்லவே இல்லை. ஆனால் இப்படி வருவதும் போவதும்தான் டிஸ்லெக்சியாவின், அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாட்டின் குணமே.

நமக்கு ஒரு சொல்லை நாலைந்து தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணில் பட்டதுமே அது தானாக வாசிக்க வந்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே போட வேண்டிய முடிச்சு அவ்வளவு சீக்கிரம் இறுகுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கூட்டிப் பார்த்தாக வேண்டும். புதிதாகக் கார் பழகுகிறவர் கிளட்ச், கியர் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே ஓட்டுவார், பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வண்டி நின்றுவிடும், அந்த மாதிரி. ராத்திரி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொல்கிறீர்கள், அவன் தயங்கினால் இன்னொரு தடவை இழுத்துச் சொல்கிறீர்கள், சற்று முன் பார்த்த சொல் வேறு. காலையில் டீச்சர் நடந்துகொண்டே சொல்லிப் போகிறார், பக்கத்துப் பையன் எழுதி முடித்து நிமிர்ந்துவிட்டான், அப்பா முகம் ஞாபகத்துக்கு வருகிறது. எட்டு இரண்டாகாமல் என்ன செய்யும்? கிரிக்கெட் ரன்கள் அவனுக்குள் எழுத்து வழியாகப் போகவில்லை. பார்த்தான், கேட்டான், நாலு பேரிடம் பேசினான். அந்த வழியில் அவனுக்கு எந்தத் தடையும் இல்லை.

அவன் நோட்டை எடுத்து மதிப்பெண்ணைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பாருங்கள். 'கோழி' என்று காதில் விழும்போது முதலில் கேட்பது 'க்'. எழுதும்போதோ இரட்டைக் கொம்பு முதலில் வர வேண்டும், அப்புறம் க, அப்புறம் துணைக்கால். காதில் கேட்ட வரிசையில் க-வை எழுதிவிட்டு, கொம்பு ஞாபகம் வந்ததும் இடப்பக்கம் இருக்கிற இத்துணூண்டு இடத்தில் அதை நெருக்கிச் செருகியிருக்கிறானா பாருங்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இதைச் செய்யும், நான்காம் வகுப்பிலும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் பள்ளியை ஓரிடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் பல்லியாகவும் எழுதியிருக்கலாம். ரப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்திருக்கலாம். அந்தக் கிழிசலை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். சோம்பேறி ரப்பரை எடுக்கவே மாட்டான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். அவன் மோசமாக எழுதிய அறிவியல் வினாத்தாள் ஒன்றை எடுத்து, நீங்கள் கேள்வியை வாசியுங்கள், அவன் வாயால் பதில் சொல்லட்டும். அவன் அப்பாவும் கூட இருக்கட்டும். 1896ல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், 14 வயதாகியும் வாசிக்க வராத ஒரு பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக மட்டும் இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னதாக அதில் வருகிறது. உங்கள் மகனிடமும் வாய்ப் பதிலுக்கும் எழுத்துப் பதிலுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, குழந்தைகளைப் பார்க்கும் உளவியலாளரிடம் போங்கள். பொது அறிவுத்திறனைத் தனியாகவும், வாசிப்பு, எழுத்து, கணக்கைத் தனியாகவும் சோதித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்பது வயது அதற்குச் சரியான வயதுதான், தாமதமாகிவிடவில்லை.

அதுவரை ஸ்கேல் வேண்டாம், 'பத்துத் தடவை எழுது' என்பதும் வேண்டாம். தப்பாக எழுதினதையே பத்துத் தடவை எழுதி அதைத்தான் பழகிக்கொள்வான்.

இது மனவளர்ச்சிக் குறைபாடுதானே? அப்படி இல்லை என்று நீங்கள் சொல்வது பெற்றோர் மனசு நோகக் கூடாது என்பதற்காகவா? (சேலம்)

இல்லை சார், நிஜமாகவே இரண்டும் வேறு வேறு. அறிவுத்திறன் குறைவால் வாசிப்பு வரவில்லை என்றால் அதைக் கற்றல் குறைபாடு என்று சொல்லவே மாட்டார்கள், சோதனையில் முதலில் விலக்கிப் பார்ப்பதே அதைத்தான். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ இந்தச் சிக்கல் இருக்கும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு. 40 பேர் வகுப்பு என்றால் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு மூளையில் ஏதோ சேதம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1963ல் சிகாகோவில் கூடிய பெற்றோர் முன்னால் சாமுவேல் கிர்க் என்ற கல்வியாளர் பேசிய பிறகுதான் 'கற்றல் குறைபாடு' என்ற பெயர் பரவியது, அங்கே கூடிய பெற்றோர் அதையே தங்கள் சங்கத்தின் பெயரிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

'இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், எட்டாவதோட நின்னான், இப்ப கடை நடத்தலையா?' என்கிறார் மாமியார். அதே வாயால் 'நீ வேலைக்குப் போறதாலதான் பையன் இப்படி ஆயிட்டான்' என்றும் சொல்கிறார். எதை எடுத்துக்கொள்வது? (விருதுநகர்)

முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் அவருக்கே தெரியாமல் ஒரு நல்ல மருத்துவக் குறிப்பைக் கொடுத்திருக்கிறார். டிஸ்லெக்சியா குடும்பத்தில் வரும், பரிசோதனைக்குப் போனால் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. நீங்கள் வேலைக்குப் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, செல்போனால் வந்ததும் இல்லை.

ஆனால் 'அவன் அப்பா மாதிரி' என்று சொல்லி விட்டுவிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கணவரிடம் ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் கடைதானா, அல்லது வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே, அதுவா? மகனை அதட்டுவதற்காகவே கூட வருகிற அப்பாக்கள் சிலர், பையனுக்குக் கொடுத்த வாசிப்புப் பக்கத்தைத் தாங்களும் பார்த்துவிட்டு, 'எனக்கும் இந்த வரி தாவித் தாவிப் போகும் மேடம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும். அதை நீங்கள் அவர் மேல் பழியாகப் போட்டுவிடாதீர்கள், யார் பக்கத்து ரத்தம் என்கிற சண்டையில் பையன் படிப்பை மறந்துவிடுவீர்கள்.

மகள் எட்டாம் வகுப்பு. டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் வாங்கச் சொல்கிறது பள்ளி, மனைவியும் வாங்கலாம் என்கிறாள். மாற்றுத்திறனாளி என்று அரசாங்கத்திலேயே பதிவாகிவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது என்ன சொல்வது? பெண் பிள்ளை என்பதால் தயக்கம். (மதுரை)

பையனாக இருந்தால் வாங்கியிருப்பீர்கள் என்று புரிகிறது. அதை முதலில் நீங்களே கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழால் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சிபிஎஸ்இ தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள், சொல்லச் சொல்ல எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். நம் மாநிலப் பொதுத்தேர்விலும் கூடுதல் நேரம், எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு, தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் பிப்ரவரி மாதம் வந்து அலையாதீர்கள், ஜூனிலேயே ஆரம்பித்துவிடுங்கள். குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றளிக்கப்பட்டால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீட்டில் போட்டியிடலாம். 2018ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் எட்டு வயது ஆன பிறகுதான் சான்றிதழ் என்றும், 14லும் 18லும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பீரோவைத் திறந்து சான்றிதழைத் தேடப் போவதில்லை. பத்தாவதில் பெயில் என்பது மட்டும் எந்தப் பீரோவிலும் நிற்காது, ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், உங்கள் மகளுக்கு 13 வயது, அவளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மனைவி என்ன நினைக்கிறார், பள்ளி என்ன சொல்கிறது எல்லாம் இருக்கிறது, அவள் சொன்ன ஒரு வார்த்தை இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளிடம் 'உனக்கு ஏன் படிப்பு வரலைன்னு நினைக்கிற?' என்று கேட்டால் பெரும்பாலும் 'நான் மக்கு மேடம்' என்பார்கள். நீங்கள் தவிர்க்க நினைக்கிற பெயரைவிட மோசமான ஒன்றை அவள் ஏற்கெனவே தனக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்.

நாங்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பையன் அரசுப் பள்ளி. தனியாரில் டெஸ்ட் எடுக்கவே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். (திருவண்ணாமலை)

தனியாருக்குப் போக வேண்டாம். உங்கள் ஒன்றியத்தில் வட்டார வள மையம் இருக்கும், அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், மருத்துவ முகாமும் நடத்துவார்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் 'வள மையத்துக்கு எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் பார்ப்பார்கள், காசு இல்லை. நேரம் ஆகும், ஒரு நாளில் முடியாது, வேலையை விட்டு இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'வேற பள்ளி பாருங்க' என்று யாராவது சொன்னால், எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

கண் பயிற்சி, கலர் கண்ணாடி, ஞாபக சக்தி டானிக், வல்லாரை. எது பலன் தரும்? (தஞ்சாவூர்)

இது கண் கோளாறு இல்லை. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009ல் கூட்டாகவே அறிக்கை விட்டார்கள், கண் பயிற்சிக்கும் கலர் கண்ணாடிக்கும் ஆதாரம் இல்லை என்று. டானிக் காசை மிச்சம் பிடித்து, ஒலி ஒலியாக, படிப்படியாகச் சொல்லித்தரத் தெரிந்த சிறப்பாசிரியருக்குக் கொடுங்கள். மாதக்கணக்கில் ஆகும், வாசிப்பு முன்னேறும், வேகம் மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கலாம். வல்லாரைத் துவையல் சாப்பிடட்டும், ருசியாக இருக்கும்.

நான் ஒன்பதாவது படிக்கிறேன். எனக்கு டிஸ்லெக்சியா. இதை போன்ல பேசித்தான் டைப் பண்றேன். எங்க அப்பா முன்னாடி அடிப்பாங்க, இப்ப அடிக்கறது இல்ல. ஆனா யார் வந்தாலும், பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்ககிட்ட கூட, இவனுக்கு டிஸ்லெக்சியான்னு சொல்றாங்க. எனக்குப் பிடிக்கல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? (கோவை)

தம்பி, கடிதம் தெளிவாக வந்திருக்கிறது, ஒரு சந்தேகமும் இல்லாமல் புரிந்தது. அப்பா உனக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார், இத்தனை நாள் அடித்ததற்கு ஈடு கட்டுகிறாரோ என்னவோ. ஆனாலும் யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பதை முடிவு பண்ணுவதில் உனக்குப் பங்கு உண்டு. கோபமாக இருக்கும்போது சொல்லாதே, சண்டையாகிவிடும். சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துவிடு, மீதியை நான் சொல்கிறேன்.

சார், வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள். டியூஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள். பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் வேண்டாம். அங்கே யாராவது 'பையன் என்ன படிக்கிறான்?' என்று கேட்டால் ஒன்பதாவது என்று சொன்னால் போதும்.