கடைக் குளிர்சாதனப் பெட்டியின் கொண்டென்சரை ஏன் அடிக்கடி துப்புரவாக்க வேணும்?

பெட்டிக்குள் இருந்து எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் செம்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்ததுதான் கொண்டென்சர். தகடுகளுக்கிடையே தூசும் பொரிக்கும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் வெப்பம் வெளியேறாது. குழாய்க்குள் ஓடும் குளிரூட்டும் காஸின் அமுக்கம் ஏறி, அந்தக் காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் ஓயாமல் ஓடும். கம்பளி போர்த்திக்கொண்டு கிணற்றில் நீர் இறைக்கத் துலா மிதிப்பது போலத்தான். முதலில் கரண்ட் பில் கூடும், பிறகு கொம்பிரசர் சூடேறி நின்று நின்று ஓடும், கடைசியில் எரியும்.

வடை, ரோல்ஸ் பொரிக்கும் கடையென்றால் மாதம் ஒருமுறை, கூல் பாருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷால் தகடு போகும் திசையிலேயே தட்டுங்கள்; குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மென்சவர்க்காரத் தண்ணீர், ஆனால் விசிறி மோட்டரிலும் வயரிலும் படக்கூடாது. யாழ்ப்பாணக் கடற்கரையோரக் குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்று தகட்டை அரிக்கும். அங்கே நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுவது அவசியம். கிணற்றுநீர் உவரென்றால் அதைப் பாவிக்க வேண்டாம்.

குளிர் குறைந்தவுடன் “காஸ் முடிஞ்சுது” என்பார்கள். காஸ் எரிபொருளல்ல, ஓடித் தீராது, குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்புவது வீண்செலவு.