நிலைமின் வில்லைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(மின்வாய்களின் வோல்டேஜால் எலக்ட்ரான் கற்றையைக் குவிக்கும் அமைப்பே நிலைமின் வில்லை.)

கேள்வி: ஆஸிலோஸ்கோப்பில் படுக்கைக் கோட்டைக் கூர்மையாக்கினால் செங்குத்துக் கோடு தடித்துவிடுகிறது. டியூபை (படக்குழாயை) மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃபோகஸ் குமிழையும் அஸ்டிக்மாடிசம் (புள்ளி ஒரு திசையில் நீளும் குறை) குமிழையும் மாறி மாறித் திருப்பி, புள்ளி வட்டமாகச் சுருங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முன் ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளுங்கள்; அசையாத புள்ளி திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் பழைய டிவியில் படம் அரை மணி நேரம் மங்கலாக இருந்து பிறகு தெளிகிறது. ஃபோகஸ் முனையை மல்டிமீட்டரால் அளந்தேன். வோல்டேஜ் மிகக் குறைவு. ஃபிளைபேக் (உயர் வோல்டேஜ் தரும் மின்மாற்றி) போய்விட்டதா?

பதில்: ஆயிரம் வோல்ட்டுக்கான மீட்டரை ஐயாயிரம் வோல்ட் முனையில் வைத்துவிட்டு ஃபிளைபேக்கைக் குறை சொல்கிறீர்கள். இதை எத்தனை முறை எழுதுவது? அந்த வோல்டேஜ் நூறு மெகாஓம் அளவிலான மின்தடைகளின் வழியாக வருகிறது. உங்கள் மீட்டரோ பத்து மெகாஓம்தான் என்பதால், தொட்ட உடனே அதுவே வோல்டேஜை இழுத்துக் கீழே தள்ளிவிடும். டியூபுக்குள் ஃபோகஸ், ஆனோடு என்ற இரண்டு உருளை மின்வாய்களுக்கு இடையே அமையும் இவ்வகை வில்லையின் குவியம் அவற்றின் வோல்டேஜ் விகிதத்தைப் பொறுத்தது. ஆனோடில் 25 கிலோவோல்ட் என்றால் ஃபோகஸில் ஏறத்தாழ 5. இரண்டும் சேர்ந்து இறங்கினால் படம் அவ்வளவாகக் கெடாது. ஃபோகஸ் மட்டும் சற்று இறங்கினால் வில்லை வலுத்து, கற்றை திரைக்கு முன்பே குவிந்துவிடும். உங்கள் டிவியில் அதை இறக்குவது பெரும்பாலும் டியூபின் சாக்கெட்டில் ஈரத்தால் நடக்கும் மின்கசிவு. சாக்கெட்டைக் கழற்றி, ஃபோகஸ் முனை இருக்கும் அறையைப் பாருங்கள்; பச்சை பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டிராமல் புதிய சாக்கெட் போடுங்கள். அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டித்து, ஆனோடின் மின்னூட்டத்தை டியூபின் வெளிப்புறக் கரிப்பூச்சோடு சேர்ந்த புவிக்கம்பிக்கு, தக்க மின்தடை வழியாக இறக்குங்கள்.

கேள்வி: டிவி டியூபில் வில்லை நிலைமின் வகையாக இருக்க, கற்றையைத் திருப்பும் விலக்கத்துக்கு மட்டும் காந்தம் எதற்கு?

பதில்: முடுக்க வோல்டேஜை நான்கு மடங்காக்கினால் மின்தகடுகள் தரும் விலக்கம் கால்வாசியாகிவிடும், காந்தச் சுருளில் பாதிதான் குறையும், கற்றையை மொத்தம் 110 பாகை வரை திருப்பும் டியூபுக்குத் தகடு கட்டுப்படியாகாது.

கேள்வி: என் இரவுநோக்கியில் படம் சரியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எந்த வகை, என்ன குறை என்று எதுவும் எழுதவில்லை. முதல் தலைமுறைக் குழாயாக இருந்து ஓரக்கோடுகள் மட்டும் வளைந்தால் அது பழுதன்று. அக்குழாயில் பிம்பத்தைத் தலைகீழாக்கும் நிலைமின் வில்லையின் பிம்பத் தளம் வளைந்தது. அதற்கு ஈடாக வளைந்த ஒளியிழைத் தகடுகள் வைத்தும் சிறிது உருத்திரிபு மிஞ்சும். திறந்து பார்க்காதீர்கள், உள்ளே பல கிலோவோல்ட் இருக்கிறது. மின்னூட்டம் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

கேள்வி: மின்வாய்களின் வடிவத்தை மாற்றிக் கோளப் பிறழ்ச்சியை (ஓரக்கதிர்களும் நடுக்கதிர்களும் ஒரே இடத்தில் குவியாத குறையை) முற்றிலும் நீக்க முடியுமா?

பதில்: முடியாது. வட்டச் சமச்சீரும் காலத்தால் மாறாத புலமும் கொண்டு, கற்றையின் பாதையில் மின்னூட்டம் இல்லாத வில்லைக்கு அது பூச்சியமாகாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஷெர்ட்சர் 1936இலேயே காட்டிவிட்டார். குறைக்க எளிய வழி கற்றையின் கோணத்தைச் சுருக்குவது: பாதியாக்கினால் பிறழ்ச்சி எட்டில் ஒன்றாகும், கற்றையின் மின்னோட்டமும் கால்வாசியாகும்.