மண்ணடி கிளியரிங் ஆபீஸில் மகன் சேரலாமா?

அம்மா, பி.காம். முடித்த மகனை சென்னை மண்ணடியில், இறக்குமதி ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துத் தரும், எட்டுப் பேர் இருக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு இந்த வேலை நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். டைப் அடிக்கிற வேலை குறையும். சரிபார்க்கிற வேலை எங்கும் போகாது.

இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியும் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லும் இப்போது கஸ்டம்ஸின் இணையதளமான ஐஸ்கேட் வழியாகத்தான் கஸ்டம்ஸுக்குப் போகின்றன. அதனால் சாஃப்ட்வேர் இல்லாத ஆபீஸைப் பார்ப்பது கஷ்டம். சிக்கல், அதைச் சுற்றி வேலை மாறாததில் இருக்கிறது. மெயிலில் வந்த இன்வாய்ஸைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஜாப் நம்பர் போடும் ஜாப் ரிஜிஸ்டரில் எழுதி, ஃபைலிங் சாஃப்ட்வேரில் அடித்து, கடைசியில் டேலியிலும் அடிப்பார்கள். சரக்கு எந்த வகை என்று காட்டும் எட்டு இலக்க எச்.எஸ். கோடில் ஓர் எண் தவறினாலும் வரி மாறக்கூடும். திருத்த அதிகாரியின் அனுமதி வேண்டும். அது வரும்வரை கன்டெய்னர் கிடக்க, தாமதத்துக்கான கட்டணமான டெமரேஜ் ஏறும்.

அதைவிடப் பணம் ஒழுகும் இடம் பில்லிங். சரக்கை விடச் சொல்லும் டி.ஓ.வுக்கான (டெலிவரி ஆர்டர்) கட்டணம், லாரி வாடகை என்று பார்ட்டிக்காக, அதாவது வாடிக்கையாளருக்காகக் கைக்காசு போட்டுவிட்டு, ரசீதுகள் ஹார்பர் போய்வரும் பையனின் பையிலேயே கிடக்கும். பில் மூன்று வாரம் கழித்துப் போகும்; நடுவில் இரண்டு ரசீது காணாமலும் போயிருக்கும். ரசீதை அன்றே போட்டோ எடுத்து ஜாப் நம்பரில் ஏற்றும் ஆபீஸில் இந்தத் தொல்லை இல்லை. இத்தனைக்கும் அதற்குப் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை, ஒழுங்குதான் தேவை.

ஆகவே இன்டர்வியூவில் மகன் கேட்கட்டும்: சரக்கு வெளியே போன எத்தனையாவது நாள் பில் போகும்? இரண்டு மூன்று நாள் என்றால் தாராளமாகச் சேரலாம். "முதலாளி வந்து பார்த்துத்தான்" என்றால் யோசிக்க வேண்டும். கிளியரிங் ஆபீஸ் ஊழியருக்குக் கஸ்டம்ஸ் தரும் அடையாள அட்டையான எச் கார்டு எடுத்துத் தருவார்களா என்பதையும் கேட்கட்டும். அதற்குத் தேர்வு இல்லை, பிளஸ் டூ போதும்; ஆபீஸ்தான் விண்ணப்பிக்க வேண்டும். கஸ்டம்ஸ் நடத்தும் தேர்வெழுதி ஜி கார்டு வாங்கினால்தான் டாக்குமென்டில் கையெழுத்துப் போடலாம். சம்பளம் நிமிர்வதும் அப்போதுதான்.

ஆயிரக்கணக்கில் கட்டி ஆறு மாத கோர்ஸ் வேண்டாம். எக்செலில் வி-லுக்அப், பிவட் டேபிள். டேலியில் சர்வீஸ் சார்ஜையும் பார்ட்டிக்காகக் கட்டிய செலவையும் பிரித்துப் பில் போடுவது. இவை போதும். சர்வீஸ் சார்ஜுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பார்ட்டியின் ஒப்புதலோடு அவர் சார்பில் கட்டி, ரசீதில் உள்ள தொகையை மட்டும் தனியாகக் காட்டி வாங்கும் செலவுக்கு அந்த வரி சேராது. புதிதாக வருபவர்கள் மொத்தத்துக்கும் வரி போட்டுவிடுவார்கள். பார்ட்டி பில்லைத் திருப்பி அனுப்புவார்.

இன்னொன்று. வேலை அவசரத்தில், கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட உதவும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைக் கொடுத்து, "நீயே சைன் போட்டுடுப்பா" என்பார்கள். அது இன்னொருவர் கையெழுத்து. பின்னால் பிரச்சினை வந்தால் யார் போட்டது என்ற கேள்வி வரும். டிராஃப்ட் வரைக்கும் தயார் செய்து வைக்கலாம், சைன் போடத் தொடக்கூடாது என்று சேரும் முன்பே மகனிடம் சொல்லி வையுங்கள்.