மூட்டு வலியோடு எடை தூக்கலாமா? கேள்வி பதில்

கே: வயது 49. முட்டித் தேய்மானம் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை விட்டுவிட வேண்டியதுதானா அண்ணா?

ப: விடாதீர்கள். தொடைத் தசை இளைக்க இளைக்க முட்டிக்குத்தான் கஷ்டம். இப்போதைக்கு இரும்பு வேண்டாம், வீட்டு நாற்காலி போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெல்ல உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது. இருக்கையில் பட்டதும் எழுந்துவிடுங்கள். அதுவே வலித்தால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பத்து பத்தாக மூன்று செட், வாரம் இரண்டு நாள். லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தாலோ, மாடிப்படி இறங்கும்போது நேற்றைவிடக் குத்தினாலோ, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். தசை சீக்கிரம் தேறும், தசைநார் தேற மாதக்கணக்காகும். அப்புறம், வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்காதீர்கள். வலி தெரியாவிட்டால் எங்கே நிறுத்துவீர்கள்?

கே: கபடியில் ஜவ்வு கிழிந்து 20 வருடம். ஆபரேஷன் செய்யவில்லை. திரும்பினால் முட்டி நழுவுகிறது.

ப: முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எடையெல்லாம் பிறகு.

கே: மூட்டு வலிக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிடலாமா?

ப: அமெரிக்காவில் பெரிதாக ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்தில்லாத வெறும் மாத்திரையை அது மிஞ்சவில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

கே: ஸ்குவாட் போட்டால் முட்டி தேயுமா சார்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: வயது 46. தோள் வலிக்குக் கர்லாக்கட்டை சுற்றச் சொல்கிறார்கள்.

ப: வலி இருக்கும்போது வேண்டாம். கட்டையின் கனமெல்லாம் நுனியில். அதே எடை டம்பெல்லைவிடத் தோளை அதிகம் இழுக்கும், அதுவும் தலைக்குப் பின்னால் சுழலும்போது.

கே: என் தாத்தா 80 வயதுவரை சுற்றினார். டம்பெல் வெள்ளைக்காரன் சரக்கு!

ப: தாத்தா எந்த வயதில் ஆரம்பித்தார் தம்பி? நம் ஆள் 46 வயதில், வலிக்கிற தோளோடு கேட்கிறார். நானும் சுற்றுகிறவன்தான். 41 வயதில், மல்லாந்து படுத்து எடை தூக்கும் பெஞ்ச் பிரஸில் வலது தோள் போய், சட்டை மாட்டக்கூட ஆள் தேவைப்பட்டது. ஏழு மாதம் 2 கிலோ டம்பெல். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் 15 கிலோ தூக்குவார்கள், நான் சுவரைப் பார்த்தபடி நிற்பேன். அதற்கப்புறம்தான் கட்டையைத் தொட்டேன். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும் உண்டு. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.

கே: கட்டையிலும் சின்னது இருக்கிறதே?

ப: இருக்கிறது. வலி அடங்கியபின் அதில் ஆரம்பியுங்கள். இதோடு கட்டைப் பேச்சை விடுவோம்.

கே: டிஸ்க் விலகியிருக்கிறது, கால் மரத்துப்போகிறது. தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் செய்யலாமா?

ப: இப்போது கூடாது, டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கே: மாத்திரை போட்டால் வலியில்லாமல் தூக்க முடிகிறதே?

ப: அதைத்தானே வேண்டாம் என்கிறேன்!

கே: முட்டி வலிக்கு ஸ்குவாட்...

ப: நாற்காலி. தலையணை.