நிறுத்தும்போது டிரிப் ஆகும் டிரைவ்: எந்த செட்டிங்கை மாற்றுவது?

கேள்வி: கோவையில் சிறிய ஃபவுண்டரி நடத்துகிறேன். புகை உறிஞ்சும் 10 எச்.பி. ப்ளோயருக்குப் புதிதாக டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) பொருத்தினோம். நிறுத்தும்போதெல்லாம் ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகிறது. ஓடும்போது ஆம்பியரும் முன்பைவிடக் கூடுதல். டிரைவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே பெரும்பாலும் செட்டிங்கால் வருபவை.

முதலில் ஆம்பியர். பேஸ் ஃப்ரீக்வென்சி, அதாவது மோட்டாருக்கு முழு வோல்ட்டும் கிடைக்கும் ஃப்ரீக்வென்சி, எவ்வளவு என்று டிரைவில் பாருங்கள். சில டிரைவ்கள் 60 ஹெர்ட்ஸ் என்ற அமைப்போடு வருகின்றன. நம் மோட்டார் பெயர்ப்பலகையில் இருப்பதோ 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60 என்றே விட்டுவிட்டால், 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது மோட்டாருக்குச் சுமார் 346 வோல்ட்தான் கிடைக்கும். காந்தப் புலம் வலுவிழப்பதால் அதே சுமைக்கு ஆம்பியர் ஏறும், மோட்டார் சுடும். அதிகபட்ச ஃப்ரீக்வென்சியையும் 50-க்குக் குறையுங்கள். ப்ளோயரை 60-இல் ஓட்டினால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். ஓவர்லோடு அளவைப் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கே வையுங்கள்.

இனி டிரிப். 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் டிசி பஸ் (உள்ளே ஏசியை டிசியாக்கிக் கெப்பாசிட்டரில் தேக்கும் பகுதி) ஏறத்தாழ 585 வோல்ட்டில் இருக்கும். நிறுத்தும் கட்டளை வந்ததும் டிரைவ் ஃப்ரீக்வென்சியை விரைவாகக் குறைக்கிறது. கனமான இம்பெல்லர் (ப்ளோயருக்குள் சுழலும் விசிறி) அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அது சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராகிறது. அந்த மின்சாரம் சாதாரண டிரைவிலிருந்து லைனுக்குத் திரும்ப முடியாமல் கெப்பாசிட்டரில் சேர்கிறது. பஸ் சுமார் 800 வோல்ட்டைத் தொட்டால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள டிரிப் ஆகிறது.

டிசெலரேஷன் நேரம் (வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரம்) 5 அல்லது 10 வினாடியாக இருந்தால் 60 வினாடியாக்கிப் பாருங்கள். என் பரிந்துரை அதைவிட எளிது: ஸ்டாப் முறையை 'கோஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். ப்ளோயர் தானாகச் சுழன்று நிற்கட்டும். புகை உறிஞ்சும் வேலைக்கு அவசர நிறுத்தம் தேவையில்லை, திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும் பிரேக்கிங் ரெசிஸ்டருக்கும் செலவழிக்க வேண்டாம். ஆனால் இம்பெல்லர் சுழலும்போதே மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் ஓவர் கரண்ட் டிரிப் வரலாம். அதற்கு, சுழலும் வேகத்தை அறிந்து அங்கிருந்தே தொடங்கும் 'ஸ்பீடு சர்ச்' அல்லது 'ஃப்ளையிங் ஸ்டார்ட்' வசதியை இயக்குங்கள்.

இத்தனைக்கும் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தே ஆக வேண்டுமென்றால் சப்ளையை நிறுத்தி, டிரைவில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் காத்திருங்கள். திரை அணைந்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கும்.

ஆம்பியரைச் சரிபார்க்க டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) இன்புட் ஒயரில் போடாதீர்கள். அது மோட்டார் ஆம்பியர் அல்ல. டிரைவின் திரையில் தெரியும் அவுட்புட் ஆம்பியரைப் பாருங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால், டிரைவ் போட்ட பிறகு டாம்பரை (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) முழுக்கத் திறந்தீர்களா என்று யோசியுங்கள். காற்று அதிகம் போனால் சுமையும் ஏறும். டாம்பரை மூட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். 40 ஹெர்ட்ஸில் புகை போதிய அளவு இழுபடுமானால், சக்தித் தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.