பழைய கறுப்பு வெள்ளைப் பேய் வீட்டுப் படம் பார்த்து இப்போதும் யாராவது அசந்துபோயிருக்கிறீர்களா?

கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோகத்தான் நினைத்தேன். கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கம் பிடித்து நிறுத்திவிட்டது. பாழடைந்த வீடு, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், இதற்கெல்லாமா அந்தக் காலத்து ஆட்கள் பயந்தார்கள், இப்போது பார்த்தால் சிரிப்புத்தானே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு புதுப் பேய்ப் படமாகத் தேடிப் பார்க்கிற இருபத்து சொச்சம் வயதுக்காரர் என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும். போன ஐப்பசி வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

படத்தின் பெயர் 'பார்கவி நிலையம்'. 1964-இல் வந்த மலையாளப் படம்.

உடனே "மலையாளப் படம் என்றாலே தூக்கிப் பிடிப்பீர்களே" என்று யாரும் வர வேண்டாம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த நிலம். தக்கலைப் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளப் படம் அடுத்த வீட்டுச் சமாசாரம் மாதிரி. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது எங்கள் ஊர்ப்பக்கம், நிர்வாகம் கேரளத்தின் கையில். அந்த அரண்மனையில் 'மணிச்சித்திரத்தாழ்' படம் எடுத்ததைப் பற்றி நாங்கள் முப்பது வருடமாகப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான் எங்கள் விவகாரம். தவிர, எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ராத்திரி பத்து மணிக்குமேல் கிணற்றுப் பக்கம் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கிணற்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது.

எங்களுடையது பாட்டாவின், அதாவது தாத்தாவின், அப்பா கட்டிய ஓட்டு வீடு. மேலே பலகைத் தட்டு, ஒரு மூலையில் யாரும் திறக்காத பத்தாயம் (நெல் போட்டுவைக்கிற பெட்டி), பின்னால் ரப்பர் தோட்டம், அடுக்களைக்கு வெளியே கிணறு. கிணற்றின் மேல் கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கும். 1979-இல் என் மாமி, அதாவது அப்பாவின் அக்கா (அப்பாவின் உடன்பிறந்தவளை எங்கள் பக்கம் மாமி என்றுதான் சொல்வோம்), விடியற்காலையில் தண்ணீர் கோரப் போனவள் அதில் விழுந்து இறந்துபோனாள். அவளுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ஊர் அதற்கு ஒரு கதை செய்தது. ஒரு பையனைக் காதலித்தாளாம், அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டானாம், இவள் குதித்துவிட்டாளாம். அந்தப் பையன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குப் 'பேய் வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். மேல்பாதியை வாடகைக்கு விட்டோம், வந்தவர்கள் மூன்றாம் மாதம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் முன்பு யூடியூப் சேனல் நடத்துகிற நாலு பையன்கள் பேயைக் கண்டுபிடிக்கிற கருவி என்று ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி மதில் ஏறிக் குதித்தார்கள். கருவி கத்தியதாம். எங்கள் வீட்டு மோட்டார் போடுகிற நேரம் அது. அந்த வீடியோவில் எங்கள் கிணறு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ராத்திரி ஜன்னல் ஆடுவது உண்மை. கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு போகிற டாரஸ் லாரிகள் நடுராத்திரியில் இந்தக் குறுகலான ரோட்டில் போகும்போது தட்டுப் பலகையிலிருந்து தூசி கொட்டும். ஓடு விரிந்திருக்கிறது. மனுக் கொடுத்துக் கொடுத்து மனு எழுதும் தமிழ் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பேய்க்குப் பயந்து வீட்டைக் காலி செய்கிறவர்கள் இந்த லாரிக்குப் பயந்து ஒரு நாள் ரோட்டுக்கு வந்திருந்தால் நன்றாயிருக்கும். சரி, அதை விடுங்கள். கேள்விக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை. மூன்று நாளாக விடவில்லை. பாட்டிக்குச் சீரியல் சலித்துவிட்டது. எண்பத்தைந்து தாண்டியவளுக்கு எதைப் போடுவது? யூடியூபில் துழாவியபோது இந்தப் படம் வந்தது. கொஞ்சம் சிரிக்கலாம் என்று போட்டேன். உண்மையைச் சொன்னால், கிணறு உள்ள படம் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

கதை எளிமையானது. ஓர் எழுத்தாளர் தங்கி எழுதுவதற்கு ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துவிடுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, அது பேய் வீடு. பார்கவி என்ற பெண் காதல் தோல்வியில் அங்கே கிணற்றில் குதித்துச் செத்தாள் என்பது ஊர்க்கதை. நாம் பார்த்துப் பழகிய படமாக இருந்தால் அடுத்தது மந்திரவாதி வர வேண்டும். இங்கே அந்த மனிதர் செய்வது வேறு. நான் வந்திருக்கிறேன், இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று பேயிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார். வீட்டுக்காரியிடம் குடிவந்தவன் பேசுகிற மரியாதையும், தங்கையிடம் அண்ணன் பேசுகிற செல்லமும் கலந்த பேச்சு. வெகுநேரம் திரையில் அவர் ஒருவர்தான். பதிலுக்கு ஒரு கதவு அசையும், காற்றடிக்கும், அவ்வளவுதான். நான் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன், சிரிப்பு வரவில்லை. இப்போதைய படங்களில் காதுக்குப் பக்கத்தில் திடீரென்று தகரத்தைத் தட்டுவார்கள், உடம்பு துள்ளும், அதைப் பயம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். இதில் துள்ளல் ஒன்றும் இல்லை. காலி வீட்டில் ஒரு மனிதன் பேசப் பேச, இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நமக்கே மெல்ல மெல்லத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

எழுதியவர் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர், தன் 'நீலவெளிச்சம்' சிறுகதையை விரித்துத் தானே திரைக்கதை ஆக்கினார். இயக்கியவர் ஏ. வின்சென்ட். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சம் மறப்பதில்லை' என்று ஸ்ரீதர் படங்களுக்குக் கேமரா பிடித்தாரே, அவரேதான். அதே 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யின் வண்ணமும் கொண்டாட்டமும் அவர் கேமராவில் வந்ததுதான். அவர் இயக்கிய முதல் படம் இப்படி ஓர் இருட்டு வீடு! 2023-இல் 'நீலவெளிச்சம்' என்ற பெயரிலேயே டொவினோ தாமஸை வைத்து மறுபடி எடுத்தார்கள். அதையும் அப்புறம் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழகு எனக்கு ஒட்டவில்லை. பழையதில் இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நம்மையே தேட விட்டுவிடுகிறார்கள். பிடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

எழுத்தாளராக நடித்த மது திரையில் வந்ததும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவரு நம்ம நாகர்கோவில் காலேஜில இந்தி படிப்பிச்ச சாராக்கும்" என்றாள். தேடிப் பார்த்தேன், சரிதான். மது சினிமாவுக்கு வரும் முன்பு நாகர்கோவிலில் இந்தி விரிவுரையாளராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போனவர்.

"பாட்டி, நீ இந்தப் படம் பார்த்திருக்கிறாயா?"

"பாதி" என்றாள். படம் வந்த காலத்தில் பாட்டா கூட்டிக்கொண்டு போனாராம். மடியில் கைக்குழந்தை, என் அப்பா. பேயைக் கண்டு அழுததில் இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டார்கள். அதனால் பார்கவி கிணற்றில் குதித்த கதைவரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். மிச்சம் தெரியாது. அறுபது வருடமாகத் தெரியாது.

இனி வருவது படத்தின் முடிச்சு. பார்க்கப்போகிறீர்கள் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அந்த எழுத்தாளர் பார்கவியின் கதையை எழுத ஆரம்பிக்கிறார். வீட்டில் கிடைப்பதை வைத்தும் ஊரில் விசாரித்தும் எழுத எழுத ஊர்க்கதை கழன்று விழுகிறது. அவள் குதிக்கவில்லை. தள்ளப்பட்டாள். எங்கள் ஊர்களில் இசக்கி கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்களா? அநியாயமாகச் செத்த பெண்ணின் வழக்கை விடிய விடிய அவள் பக்கம் நின்று பாடுவார்கள். ஊரே பயப்படுகிற கள்ளியங்காட்டு நீலி என்ற பேய்க்குக்கூட அவள் பக்கத்து நியாயம் ஒன்று பாட்டில் உண்டு. பஷீரின் எழுத்தாளர் அந்த வீட்டில் உட்கார்ந்து செய்ததும் ஏறக்குறைய அந்த வேலைதான் என்று எனக்குப் பட்டது.

படம் முடிந்தது. நான் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டி டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவளுக்கு வலிப்பு உண்டும், மக்களே."

யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"காலத்தே தண்ணி கோரப் போனவ. ரெண்டு நாளு முன்னாடிகூட வந்துது. கீழ உள்ளதுகளுக்குக் கல்யாணம் ஆவாதுன்னு, ஆருகிட்டயும் சொல்லண்டாம்னு நாந்தான் சொன்னேன். அவனுவ வாயில வந்ததச் சொன்னானுவ. சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

மாமிக்குக் கீழே இரண்டு அத்தைமார். மன்னிக்கவும், இரண்டு மாமிமார் என்றே எழுதியிருக்க வேண்டும், வெளியூரில் இருந்து இருந்து நாக்கு மாறிவிட்டது. இருவருக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. என் அப்பாவுக்கே இந்த விஷயம் தெரியாது. அன்று ராத்திரிதான் அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

வீட்டு விஷயத்தை வெளியில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: பாட்டியிடம் கேட்டுவிட்டேன். "எழுது, பேரு மட்டும் போடாதே" என்றாள். அந்த யூடியூப் பையன்களில் ஒருவன் இதைப் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால், ஆமாம், அசந்துபோனேன். பயந்தேனா என்றால், படம் பார்க்கும்போது இல்லை. அன்று பாட்டி அறையில் பாய் போட்டுப் படுத்தேன். உறக்கம் வரவில்லை. இரண்டு மணி இருக்கும், ஜன்னல் கடகடவென்று ஆடியது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டி கண்ணைத் திறக்கவில்லை. "லாரியாக்கும். கெடந்து உறங்கு" என்றாள்.